அவையும் அவையல் கிளவியும்: பொழுதுபோக்கு விளையாட்டு இதழ்களில் பாலியல் படிமம் குறித்த விவாதம் (‘டிராகன்’ இதழை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்காவில் 1976 முதல் 2007 வரை அச்சில் வெளிவந்த ‘டிராகன்’ என்னும் விளையாட்டு இதழ், பாத்திரமேற்பு விளையாட்டுகளுக்கான முதன்மை இதழாக விளங்கியது. அதன் பக்கங்களிலும் அதனைச் சூழ்ந்த வெளியீடுகளிலும் பெண்ணுடல் காட்டப்பட்ட முறை பற்றியும், ‘முதிர்ந்தோர்க்கு உரியது’ எனக் குறிக்கப்பட்ட உள்ளடக்கம் பற்றியும் எழுந்த விவாதங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. ‘எதை மறைப்பது’, ‘யாரை நோக்கிப் பேசுவது’ என்னும் இருவேறு வினாக்கள் இவ்விவாதங்களில் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. தமிழ் இலக்கண மரபின் இடக்கரடக்கல், கேட்போர், களன் என்னும் கருத்துகளைக் கொண்டு இவற்றைப் பிரித்தறிய இயலும். மறைத்தல் சார்ந்த தீர்வுகள் முதல் வினாவிற்கு மட்டுமே விடையளித்தன என்பதும், இரண்டாம் வினா தீண்டப்படாமலே நின்றது என்பதும் இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: பாத்திரமேற்பு விளையாட்டு, டிராகன் இதழ், பாலியல் படிமம், இடக்கரடக்கல், கேட்போர், களன், வாசகர் கடிதம், தணிக்கை.

1. முன்னுரை

கேரி கைகேக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டு 1974இல் வெளிவந்தது. மேசையைச் சுற்றி அமரும் சிலர் ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்க, ஒருவர் கதைநடத்துநராக இருந்து நிகழ்வுகளை விரித்துரைக்க, பகடையின் விழுக்காட்டால் வெற்றி தோல்வி தீர்மானிக்கப்படும் ஆட்டம் இது. பலகையும் காய்களும் இல்லாமலே இதனை ஆடலாம். பேச்சே இதன் களம். விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா நகரில் இயங்கிய டி.எஸ்.ஆர். நிறுவனம் இதனை வெளியிட்டது. அந்நிறுவனத்தின் இதழாக 1975இல் தொடங்கிய ‘தி ஸ்டிராட்டஜிக் ரிவ்யூ’வை அடுத்து, 1976 ஜூனில் ‘தி டிராகன்’ முதல் எண் வெளிவந்தது.

புதிய விதிகள், கதைகள், ஓவியங்கள், விளம்பரங்கள், வாசகர் கடிதங்கள் ஆகியவற்றின் தொகுதியாக இவ்விதழ் அமைந்தது. பேச்சால் நிகழும் ஆட்டத்திற்குக் காட்சி வடிவம் தந்தவை இத்தகைய இதழ்களும் விதிநூல்களுமே. போர்வீரர் எத்தகைய உடையணிவார், மந்திரக்காரி எப்படி நிற்பாள் என்பனவற்றை ஆட்டக்காரர் ஓவியங்களின் வழியாகவே கற்றனர். எனவே ஓர் அட்டைப்படம் குறித்த பூசல் அழகுணர்ச்சி பற்றிய பூசலாக மட்டும் நின்றுவிடுவதில்லை. யார் அம்மேசையில் அமரலாம் என்பது பற்றிய பூசலாகவும் அது விரிகிறது.

இவ்விதழைப் பற்றிய ஆய்வுகள் இல்லாமல் இல்லை. சமூகவியலாளர் கேரி ஆலன் ஃபைன் தம் ‘ஷேர்டு ஃபேண்டசி’ (1983) நூலில் ஆட்டக்குழுக்களை நேரில் கண்டு ஆராய்ந்து, பெண்கள் அவற்றில் மிகச் சிறுபான்மையினராக இருந்தமைக்கான காரணங்களை விவாதித்தார். ஜான் பீட்டர்சன் தொடக்ககால ஆவணங்களைத் தொகுத்து வரலாறு எழுதினார். ஆரன் டிராமெல் 2014இல் வெளியிட்ட கட்டுரையில், ‘டிராகன்’ மூன்றாம் எண்ணில் வந்த விதித்தொகுப்பைப் பெண்வெறுப்பு நோக்கில் பகுத்தாய்ந்தார். இவை ஆட்டக்குழுவையும் விதியையும் சிறப்பாக விளக்குகின்றன. ஆயினும், ஓவியம், விதி, தணிக்கை, முதிர்ந்தோர் முத்திரை ஆகியவற்றை ஒரே விவாதத்தின் படிநிலைகளாக வைத்து நோக்க இடமுண்டு. அதனையே இக்கட்டுரை மேற்கொள்கிறது.

2. ஆய்வுக் கருவிகள்: இடக்கரடக்கல், கேட்போர், களன்

அவையில் சொல்லத்தகாத சொல்லை மறைத்துச் சொல்லுதலைத் தொல்காப்பியம் அவையல் கிளவி என்னும் பெயரால் சுட்டுகிறது. நன்னூல் இதனைத் தகுதி வழக்கின் ஒரு கூறாகக் கொண்டு இடக்கரடக்கல் என வழங்குகிறது. இக்கருத்தின் நுட்பம் அதன் பெயரிலேயே உள்ளது. ஒரு சொல் தன்னளவில் தகாததாகக் கருதப்படவில்லை. அவையை நோக்கியே அதன் தகுதி அளக்கப்படுகிறது. தோழர் இருவரிடையே இயல்பாக வழங்கும் சொல் பலர் கூடிய அவையில் இடக்கர் ஆகிறது. ஆகவே, அவையல் கிளவி எது என்று கேட்பதற்கு முன், அவை எது, அதில் யார் அமர்ந்துள்ளனர் என்று கேட்டாக வேண்டும்.

செய்யுளியல் கூறும் முப்பத்துநான்கு உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன் என்பனவும் அடங்கும். ஒரு கூற்று யாருடையது, அதனைக் கேட்பவர் யார், எவ்விடத்தில் அது நிகழ்கிறது என்பன அறியப்படாதவிடத்துப் பாடலின் பொருள் முழுமை பெறாது. தலைவி கூற்று ஒன்றே என்றாலும், அதனைத் தோழி கேட்கிறாளா, சிறைப்புறத்தில் நிற்கும் தலைவன் கேட்கிறானா என்பதற்கேற்பப் பொருள் வேறுபடும் என்பதை அகப்பாடல் பயில்வோர் அறிவர்.

இக்கருவிகள் இதழியல் ஓவியத்திற்கும் பொருந்தும். ஓவியத்தின் நோக்கு யாருடையது என்னும் வினாவை ஜான் பெர்ஜர் ‘வேஸ் ஆஃப் சீயிங்’ (1972) நூலிலும், லாரா மல்வி திரைப்படம் பற்றிய தம் 1975ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் எழுப்பினர். காணப்படும் பெண், காணும் ஆண் என்னும் இணையை அவர்கள் விளக்கினர். தமிழ் மரபின் ‘கேட்போர்’ அவ்வினாவோடு இயைவதுடன், ஒரே கூற்று கேட்போர் மாறும்போது மாறுகிறது என்னும் நெகிழ்வையும் தருகிறது. ‘களன்’ என்பதோ, அட்டையும் உட்பக்கமும் ஒரே இடம் அல்ல என்பதை நினைவூட்டுகிறது. அட்டை கடைத்தட்டில் எல்லோர் கண்ணிலும் படுவது. உட்பக்கம் வாங்கியவர் மட்டும் விரித்துப் பார்ப்பது.

3. மரபின் வேர்: ‘வியர்ட் டேல்ஸ்’ அட்டைகள்

இவ்விவாதம் விளையாட்டு இதழ்களில் தோன்றியது அன்று. 1930களில் அமெரிக்காவில் மலிவுத்தாளில் வெளிவந்த ‘வியர்ட் டேல்ஸ்’ கதையிதழிலேயே அதன் முழு வடிவமும் காணப்படுகிறது. ராபர்ட் இ. ஹோவர்டின் கோனன் கதைகள் இவ்விதழில் 1932 முதல் வெளிவந்தன. மார்கரெட் பிரண்டேஜ் வரைந்த அட்டைகள், ஆடையற்ற அல்லது ஆடை குறைந்த, ஆபத்தில் சிக்கிய பெண்களைக் காட்டின. இதழின் வாசகர் கடிதப் பகுதியில் இவை பற்றி நெடுங்காலம் வழக்காடப்பட்டது. கதைக்குப் பொருந்தாத படம் என்றும், இதழை வெளியே எடுத்துச் செல்ல நாணமாக உள்ளது என்றும் ஒருசாராரும், கலைத்திறம் மிக்கது என்று மறுசாராரும் எழுதினர். ஓவியர் தம் பெயரின் முதலெழுத்தை மட்டுமே குறித்துக் கையெழுத்திட்டதால், அவர் பெண் என்பது வாசகர்க்குப் பின்னரே தெரிந்தது.

இந்நிகழ்வு இருவகையில் கருதத்தக்கது. முதலாவது, வரைபவர் பெண்ணாயினும் படத்தின் கேட்போர் ஆணாக இருத்தல் கூடும். கூற்றுக்குரியவரின் பால் கேட்போரின் பாலைத் தீர்மானிப்பதில்லை. இரண்டாவது, ‘வெளியே எடுத்துச் செல்ல நாணம்’ என்னும் முறையீடு களன் பற்றியது; அப்படம் உட்பக்கத்தில் இருந்திருப்பின் அம்முறையீடு எழுந்திராது.

கைகேக்ஸ் 1979இல் வெளியிட்ட ‘டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு’ நூலின் பின்னிணைப்பில், விளையாட்டிற்கு ஊக்கமளித்த எழுத்தாளர் பட்டியலில் ஹோவர்டின் பெயர் உள்ளது. ஹோவர்டின் கோனன் கதைகளுக்கு 1966 முதல் ஃபிராங்க் ஃபிரசெட்டா வரைந்த நூலட்டைகள் திரண்ட தசையுடைய ஆணையும் அவன் காலடியில் கிடக்கும் பெண்ணையும் ஒரு வாய்பாடாக்கின. 1973இல் சித்திரக்கதையில் அறிமுகமான ரெட் சோனியா என்னும் வாள்வீராங்கனைக்கு, மறு ஆண்டே எஸ்தெபான் மரோட்டோ உலோக வளையங்களாலான ஈராடை வரைந்தார். உடலைக் காக்க வேண்டிய கவசம் உடலைக் காட்டும் அணியாயிற்று. விளையாட்டு இதழ்கள் பெற்றுக்கொண்ட காட்சி மரபு இதுவே.

4. 1976: விதியாக வடிவெடுத்த உடல்

1976 அக்டோபரில் வெளிவந்த ‘தி டிராகன்’ மூன்றாம் எண்ணில், பெண்களும் மந்திரமும் குறித்து லென் லகோஃப்கா எழுதிய குறிப்புகள் இடம்பெற்றன. பெண் ஆட்டக்காரரை விளையாட்டிற்குள் ஈர்ப்பதே அவற்றின் வெளிப்படையான நோக்கம். ஆனால் முன்மொழியப்பட்ட விதிகள் வேறொன்றைச் செய்தன. பெண் பாத்திரத்தின் உடல்வலிமைக்கான பகடை குறைக்கப்பட்டது. ஆளுமைக் கவர்ச்சி என்னும் பண்பளவு இருந்த இடத்தில் ‘அழகு’ வைக்கப்பட்டது. அவ்வழகின் அளவைப் பொறுத்து ஆண்களை வசியப்படுத்தும், மயக்கும் ஆற்றல்கள் பெண் பாத்திரத்திற்கு வழங்கப்பட்டன.

இங்கு எந்த ஓவியமும் இடக்கர் ஆகவில்லை. எந்தச் சொல்லும் தணிக்கைக்கு உரியதாகவில்லை. ஆயினும் பாலியல் படிமம் விளையாட்டின் இயக்கத்திற்குள்ளேயே இடம்பெற்றுவிட்டது. ஓர் ஆண் பாத்திரம் தலைமைப்பண்பால் படையைத் திரட்டும் இடத்தில், பெண் பாத்திரம் தோற்றத்தால் ஆடவரை வசப்படுத்த வேண்டியதாயிற்று. அட்டைப்படத்தைப் பக்கத்தைத் திருப்பிக் கடந்துவிடலாம். விதியை அவ்வாறு கடக்க இயலாது. பகடை உருட்டும் ஒவ்வொரு முறையும் அது செயற்படும்.

இத்தொகுப்பு வாசகர் சோதனைக்கான முன்மொழிவாகவே வந்தது என்பதையும், விளையாட்டின் அதிகாரநூலில் அது அப்படியே ஏற்கப்படவில்லை என்பதையும் நேர்மையாகச் சுட்டவேண்டும். எனினும் அதன் ஒரு கூறு வேறு வடிவில் நிலைத்தது. 1978இல் வெளிவந்த ‘பிளேயர்ஸ் ஹேண்ட்புக்’ நூலில், போர்வீரர்க்குரிய மிகையுடல்வலிமை மனித ஆணுக்கு 18/100 வரையிலும் மனிதப் பெண்ணுக்கு 18/50 வரையிலும் எல்லை வகுக்கப்பட்டது. டிராகன்களும் மந்திரங்களும் நிறைந்த உலகில் இயற்கை உண்மையைப் பேண வேண்டிய இடமாகப் பெண்ணின் தோள்வலிமை மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டது. இவ்வரம்பு 1989இன் இரண்டாம் பதிப்பிலேயே நீங்கியது.

இதே 1976இல் டி.எஸ்.ஆர். வெளியிட்ட ‘எல்ட்ரிச் விசார்ட்ரி’ என்னும் துணைநூலின் அட்டை, பலிபீடத்தில் கட்டப்பட்டுக் கிடக்கும் ஆடையற்ற பெண்ணைக் காட்டியது. அதனைப் பிற்காலத்தார் பலரும் நினைவுகூர்ந்து விவாதித்துள்ளனர். உள்ளே விதியாக அமைந்த வேறுபாடு அவ்வளவு பேச்சுக்கு உள்ளாகவில்லை. கண்ணுக்குப் புலனாவது எளிதில் வழக்காகிறது. கட்டமைப்பில் உறைந்திருப்பது வழக்கிற்கு வரத் தாமதமாகிறது.

5. 1980: கேட்போர் பேசத் தொடங்குதல்

1979இல் டி.எஸ்.ஆர். நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவில் சேர்ந்த ஜீன் வெல்ஸ், அந்நிறுவனத்தின் முதல் பெண் விளையாட்டு வடிவமைப்பாளராகக் கருதப்படுகிறார். விதிகள் பற்றிய வாசகர் ஐயங்களுக்கு விடைகூறும் ‘சேஜ் அட்வைஸ்’ பகுதியை அவரே ‘டிராகன்’ இதழில் தொடங்கி எழுதினார். 1980 ஜூலையில் வெளிவந்த 39ஆம் எண்ணில், அவரும் கிம் மோஹனும் இணைந்து பெண்கள் சமத்துவம் வேண்டுகின்றனர் என்னும் பொருளில் ஒரு கட்டுரை எழுதினர். பெண் ஆட்டக்காரரை ஆண்கள் நடத்தும் முறை, பெண் பாத்திரங்களுக்கான விதி வரம்புகள், ஆட்டத்தில் பயன்படும் சிறு உலோகப் பொம்மைகளின் ஆடை குறைந்த தோற்றம் முதலிய குறைகளை அது வெளிப்படையாகப் பேசியது.

இக்கட்டுரையின் முதன்மை, குறைகளின் பட்டியலில் அன்றி அதன் கூற்றுநிலையில் உள்ளது. அதுவரை பெண் இவ்விதழில் பேசப்படும் பொருளாகவே பெரிதும் இருந்தாள். இங்கு பேசுபவளாகவும் கேட்பவளாகவும் தோன்றுகிறாள். பொம்மை பற்றிய முறையீட்டை நோக்குக. பொம்மை ஆபாசமானது, அதை விற்கக்கூடாது என்பது அம்முறையீட்டின் சாரமன்று. கவசம் பூண்ட பெண் வீரரை ஆட விரும்பும் ஒருவர்க்குக் கடையில் அவருக்கேற்ற உரு கிடைப்பதில்லை என்பதே சாரம். முன்னது மறைத்தலை வேண்டும் குரல். பின்னது இடத்தை வேண்டும் குரல்.

பெண்கள் அப்போதுதான் இவ்வுலகிற்குள் வந்தனர் என்று கருதுதல் பிழையாகும். லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலிருந்து 1975இல் தொடங்கிய ‘அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்’ என்னும் ஆர்வலர் கூட்டிதழின் ஆசிரியர் லீ கோல்ட் ஒரு பெண்ணே. ஆர்வலரிடையே சுற்றிய இதழில் பெண் ஆசிரியராக இருந்த அதே காலத்தில், நிறுவன இதழில் பெண் ஈர்க்கப்பட வேண்டிய புறத்தாராகக் கருதப்பட்டாள். அவை எது என்பதை வெளியீட்டாளர் கணித்த முறைக்கும், அவையில் உண்மையில் இருந்தவர்க்கும் இடையே இடைவெளி இருந்தது.

6. தூய்மைப்படுத்தலும் அதன் எல்லையும்

1980களில் விவாதத்தின் களன் மாறியது. 1983இல் பாட்ரிசியா புல்லிங் தொடங்கிய இயக்கம், இவ்விளையாட்டைச் சாத்தான் வழிபாட்டோடும் தற்கொலையோடும் பாலியல் பிறழ்வோடும் இணைத்துக் குற்றஞ்சாட்டியது. சமய அமைப்புகளும் பெற்றோரும் இதில் சேர்ந்துகொண்டனர். இப்போது கேட்போர் ஆட்டக்காரர் அல்லர், ஆட்டக்காரரின் பெற்றோர். 1977இன் ‘மான்ஸ்டர் மேனுவல்’ நூலில் ஆடையற்ற பெண்ணுருக் கொண்ட பேய்கள் தடையின்றி இடம்பெற்றிருந்தன. டி.எஸ்.ஆர். பின்னர் தன் எழுத்தாளர்க்கும் ஓவியர்க்கும் வகுத்த நெறிமுறை, இழிவுபடுத்தும் அல்லது காமத்தைத் தூண்டும் சித்திரிப்பை விலக்கியது. 1989இன் இரண்டாம் பதிப்பில் பேய்களும் பிசாசுகளும் பெயரளவில் நீக்கப்பட்டு, 1991இல் வேறு பெயர்களோடு திரும்பின.

பெயர்மாற்றம் இடக்கரடக்கலுக்குச் சிறந்த சான்று. பொருள் அப்படியே இருக்க, அவைக்குத் தகாத சொல் மட்டும் மறைக்கப்பட்டது. ஓவியங்களிலும் இதுவே நிகழ்ந்தது. வெளிப்படையான ஆடையின்மை குறைந்தது; ஆனால் இடுப்பை வளைத்து நிற்கும் நிலையும், போருக்கு உதவாத கவசமும், பார்ப்பவரை நோக்கித் திரும்பிய முகமும் 1980களின் கற்பனை ஓவியங்களில் தொடர்ந்தன. சில அங்குலத் துணி சேர்ந்தது, கேட்போர் மாறவில்லை. விதிநூலின் வலிமை வரம்பும் 1989 வரை தொடர்ந்தது என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. குழந்தைகளைக் காக்கும் பொருட்டு நடந்த தூய்மைப்படுத்தலில் அவ்வரம்பு ஒரு குற்றமாகவே தோன்றவில்லை.

தூய்மைப்படுத்தல் யாரைத் தாக்கும் என்பதற்கு முந்தைய நிகழ்வு ஒன்று எச்சரிக்கையாக அமைகிறது. ஜீன் வெல்ஸ் எழுதிய ‘பேலஸ் ஆஃப் தி சில்வர் பிரின்சஸ்’ என்னும் ஆட்டக்கதைநூல் 1981இல் அச்சான உடனே திரும்பப் பெறப்பட்டது. கூந்தலால் கட்டித் தொங்கவிடப்பட்ட பெண்ணை ஆடவர் சூழ்ந்து துன்புறுத்துவதாகக் காட்டும் ஓவியம் அதற்கொரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அதனை வரைந்தவர் லாரா ராஸ்லாஃப் என்னும் பெண் ஓவியர். கதையின்படி அக்காட்சி வீரர்களை ஏமாற்ற ஓர் அரக்கவுயிர் உண்டாக்கும் பொய்த்தோற்றம். நிறுவனத்தாரைக் கேலி செய்வதாகக் கருதப்பட்ட வேறோர் ஓவியமே உண்மைக் காரணம் என்னும் கருத்தும் உண்டு. எதுவாயினும் நூல் டாம் மோல்ட்வேயின் கைவண்ணத்தில் திருத்தப்பட்டு மறுபடி வெளிவந்தது. விளையாட்டு வடிவமைப்பில் பெண்ணுக்குக் கிடைத்த அரிய தனிப்படைப்பு வாய்ப்பு, தகாமையின் பெயரால் சிதைந்தது. பெண்ணை இழிவிலிருந்து காப்பதாகத் தொடங்கும் மறைத்தல், பெண்ணின் கூற்றையே மறைப்பதாக முடியக்கூடும்.

7. 2002: ஒட்டப்பட்ட பக்கங்கள்

1997இல் டி.எஸ்.ஆர். நிறுவனத்தை விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கியது. 2002இல் ‘டிராகன்’ வெளியீட்டுப் பொறுப்பு பைசோ நிறுவனத்திற்குச் சென்றது. அவ்வாண்டு அக்டோபரில் இரண்டு நிகழ்வுகள் ஒருங்கே நேர்ந்தன. மாண்டி குக் எழுதிய ‘புக் ஆஃப் வைல் டார்க்னஸ்’ நூல் முதிர்ந்த வாசகர்க்கு உரியது என்னும் முத்திரையுடன் வெளிவந்தது. அதே மாதம் ‘டிராகன்’ இதழின் 300ஆம் எண், அந்நூலையொட்டிய உள்ளடக்கத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டிய ஒட்டப்பட்ட பகுதியாகத் தாங்கி வந்தது. ‘டன்ஜன்’ என்னும் உடன்பிறப்பு இதழும் இம்முறையைக் கையாண்டது.

எதிர்ப்பும் உடன் எழுந்தது. ‘டிராகன்லான்ஸ்’ தொடரின் இணைப்படைப்பாளரான டிரேசி ஹிக்மன் இப்போக்கை வெளிப்படையாகக் கண்டித்தார். வீரமும் நன்மையும் விளையாட்டின் உயிர் என்பதும், தீமையை விரித்துச் சுவைத்தல் அதற்கு ஊறு என்பதும் இத்தரப்பின் நிலை. ஆட்டக்காரர் பலர் வளர்ந்துவிட்டனர், அவர்களைக் குழந்தைகளாக நடத்துதல் ஆகாது, தீமை அச்சமூட்டுவதாக இருந்தால்தான் நன்மைக்கு மதிப்பு என்பது மறுதரப்பின் நிலை.

இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட ஓர் எடுகோள் உண்டு: விவாதத்திற்குரியது ஒட்டப்பட்ட பகுதிக்குள் இருக்கிறது என்பதே அது. அப்பகுதிக்கும் நூலுக்கும் உரிய பொருள் பெரிதும் கொடுமை, சித்திரவதை, அடிமைப்பழக்கம், அவற்றோடு கலந்த பாலியல் பிறழ்வு ஆகியன. இவற்றை ஒட்டி மூடுதல் இடக்கரடக்கலின் மிகத் தெளிவான பருவடிவம். ஆனால் ஒட்டப்படாத பக்கங்களில் இருந்த விளம்பரங்களும் ஓவியங்களும் எந்த முத்திரைக்கும் உட்படவில்லை. ‘முதிர்ந்தோர்’ என்னும் சொல் வயதை அளந்தது. கண்ணியத்தையோ, பாத்திரத்தை முழு மனிதராகக் காண்பதையோ அது அளக்கவில்லை. பதின்வயதுச் சிறுமி ஒருத்தி, ஒட்டிய பகுதியைத் திறவாமலே, அவ்விதழ் தனக்காக வரையப்படவில்லை என்பதைத் திறந்த பக்கங்களிலிருந்தே அறிந்துகொள்ள இயன்றது.

மறு ஆண்டே இவ்வெல்லை மீண்டும் சோதனைக்கு உள்ளானது. 2003இல் வேறொரு குழு ‘புக் ஆஃப் எராட்டிக் ஃபேண்டசி’ என்னும் நூலை அறிவித்தது. காதல், திருமணம், மகப்பேறு, உடலுறவு ஆகியவற்றுக்கு விதி வகுப்பதாக அது அமைந்தது. அதன் ஆசிரியர் இருவருள் க்வென்டலின் கெஸ்ட்ரல் ஒரு பெண். விசார்ட்ஸ் நிறுவனம் தன் வணிகக் குறியீட்டு உரிமத்தில் தரமும் கண்ணியமும் பற்றிய விதியைச் சேர்த்தது. நூல் அக்குறியீடின்றி வெளிவந்தது. கொடுமை கலந்த பாலியலுக்குத் தன் இதழில் ஒட்டப்பட்ட பகுதி அளித்த அமைப்பே, இசைவுடன் கூடிய பாலியலைப் பொருளாகக் கொண்ட நூலுக்குத் தன் குறியீட்டை மறுத்தது. வணிகப் பெயரைக் காக்கும் கவலை இதற்குக் காரணமாகலாம். எனினும், தகாதது எது என்பதை உரிமையாளரின் அவைக்கணிப்பே தீர்மானிக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

8. வாதங்களின் மதிப்பீடு

பாலியல் படிமத்திற்கு ஆதரவாக முன்வைக்கப்படும் வாதங்கள் மூன்றாகத் தொகுக்கத்தக்கன.

முதலாவது மரபு வாதம். இவ்வகை ஓவியம் இலக்கியப் பிரிவின் பிறப்போடு வந்தது; அதனை நீக்குதல் மரபை நீக்குதலாகும் என்பது. மேலே காட்டியவாறு, அம்மரபின் தொடக்கத்திலேயே மறுப்பும் இருந்தது. வாசகர் கடிதங்களில் எழுந்த எதிர்க்குரலும் மரபின் பகுதியே.

இரண்டாவது சமநிலை வாதம். கோனனும் அரைநிர்வாணனே, எனவே ஓரவஞ்சனை இல்லை என்பது. உடையின் அளவை மட்டும் கொண்டால் இவ்வாதம் வெல்லும். நிலையையும் செயலையும் நோக்கினால் தோற்கும். ஆணின் திறந்த மார்பு வலிமையைக் குறிக்க, அவன் வாளை ஓங்குகிறான். பெண்ணின் திறந்த இடை அவளைப் பார்வைக்கு உரியவளாக்க, அவள் காத்திருக்கிறாள். ஆட்டக்காரர் தாம் ஏற்க விரும்பும் உருவாக ஆண் வரையப்பட, அடைய விரும்பும் உருவாகப் பெண் வரையப்படுகிறாள். கேட்போர் என்னும் உறுப்பு இவ்வேறுபாட்டைத் துலக்குகிறது.

மூன்றாவது பங்கேற்பு வாதம். பெண் ஓவியர் வரைந்துள்ளனர், பெண் வாசகர் விரும்புகின்றனர் என்பது. இது புறந்தள்ளத்தக்கதன்று. அழகையும் காமத்தையும் கற்பனையில் துய்த்தல் ஆணுக்கு மட்டும் உரியதாகக் கொள்ளுதல் இன்னொரு வகை ஒடுக்கம். ஆயினும் ஒருவர் விரும்புவதற்கும், மாற்று இல்லாமையால் ஏற்பதற்கும் வேறுபாடு உண்டு. பலவகை உருக்கள் இருக்கும் இதழில் காமக்கவர்ச்சி ஒரு தெரிவு. அவ்வொன்றே இருக்கும் இதழில் அது நுழைவு நிபந்தனை.

எதிர்வாதங்களும் சோதனைக்கு உரியன. குழந்தைநலன் என்னும் வாதம் மறைத்தலோடு நிறைவுற்றுவிடுகிறது. ஒழுக்க வாதம் ஆடையின்மையையும் இழிவையும் ஒன்றாக்குகிறது. இடம் வேண்டும் வாதம் மட்டுமே மறைத்தலைக் கடந்து, படைப்பின் பரப்பை விரிக்கக் கோருகிறது. 39ஆம் எண்ணின் கட்டுரை முன்வைத்தது அதையே.

அக்கோரிக்கை நிறைவேறிய இடங்களில் தணிக்கை பெரிதும் தேவைப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. இரண்டாம் பதிப்பு, ஆண்பால் பிரதிப்பெயரே எல்லோரையும் குறிக்கும் என விளக்கம் எழுதிக்கொண்டது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு ‘அவன்’, ‘அவள்’ என்பனவற்றுக்கு இணையான ஆங்கிலப் பிரதிப்பெயர்களை மாறிமாறி ஆண்டது. 2014இன் ஐந்தாம் பதிப்பு, பாத்திரத்தின் பால், பாலினம், பாலீர்ப்பு ஆகியவற்றை ஆட்டக்காரர் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம் என வெளிப்படையாக எழுதியது. இவற்றுள் எதுவும் ஒன்றை மறைத்ததன்று. ஒவ்வொன்றும் கேட்போர் தொகையை விரித்தது.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன.

1. விளையாட்டு இதழ்களில் பாலியல் படிமம் குறித்த விவாதம், 1930களின் கதையிதழ்களிலிருந்து தொடர்ந்து வரும் மரபுவழி விவாதமாகும். மறுப்பும் அம்மரபின் உறுப்பே.

2. ஓவியத்தில் புலப்படுவது மட்டுமே வழக்கிற்கு உள்ளாயிற்று. விதியாக உறைந்த பாலியல் வேறுபாடு, அவைக்குத் தகாததாகத் தோன்றாமையால், நெடுங்காலம் நீடித்தது.

3. 1980களின் தூய்மைப்படுத்தலும் 2002இன் ஒட்டப்பட்ட பகுதியும் எதிரெதிர்த் திசையினவாகத் தோன்றினும், மறைத்தலே தீர்வு எனக் கொண்டமையால் ஒரே வகையின.

4. படைத்தவரின் பால், படைப்பின் கேட்போர் யார் என்பதைத் தீர்மானிப்பதில்லை. மறைத்தல் பெண்ணின் கூற்றையும் மறைத்துவிடும் இடர் உடையது.

5. அவையல் கிளவி என்னும் கருத்து, தகாமையை அவையைக் கொண்டு அளக்கிறது. ஆகவே ‘முதிர்ந்தோர்க்கு உரியது’ என்னும் முத்திரையை ஆராய்வோர், அம்முத்திரை யாரை அவையாகக் கொண்டு பொறிக்கப்பட்டது என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும்.

‘டிராகன்’ இதழின் அச்சு வடிவம் 2007 செப்டம்பரில் 359ஆம் எண்ணோடு நின்றது. அதன் பக்கங்கள் இன்று ஆய்வாவணமாகியுள்ளன. அவற்றை ஆராய்வோர், ஒட்டப்பட்ட பகுதியைப் பிரித்துப் பார்ப்பதோடு அமையாது, ஒட்டப்படாத பக்கங்களையும் அதே கவனத்தோடு வாசிப்பார்களாயின், அக்காலத்து அவையில் இடம்பெற்றோரையும் இடம் மறுக்கப்பட்டோரையும் ஒருங்கே அறிய இயலும்.